ரன்வே இன்னும் கீழே

19-1-1967
பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் மறுபடியும் பறந்தேன். பறந்தேன் என்று எழுதுவதே கொஞ்சம் அதிகம். பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் கேப்டன் பட்டாபிராமன் உட்கார்ந்திருக்க, மேலே போய்ச் சுற்றி வந்து மூன்று தடவை கீழே விழுந்தேன்.

“ரன்வே இன்னும் கீழே இருக்குடா. நீ பத்தடி மேலேயே இறங்கிடறே” என்றார். உண்மைதான். தரை வந்துவிட்டதென்று மூக்கைத் தூக்குகிறேன். விமானம் தொப்பென்று விழுந்து குதிக்கிறது. மெக்கானிக் தனக்கோடி சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், டயரு மேல உனுக்கு இன்னா கோவம்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லாசரஸ் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அவனும் நானும் ஒரே நாளில் பிளையிங் கிளப்பில் சேர்ந்தவர்கள். தாம்பரத்தில் ஒரே சர்ச். விடியற்காலை ரயிலில் நான் தாம்பரத்தில் ஏறுவேன், அவன் குரோம்பேட்டையில் ஏறுவான், மீனம்பாக்கத்தில் சேர்ந்து இறங்குவோம். பறந்து முடித்ததும் நான் ஆபீசுக்கு ஓடவேண்டும். அவன் நாள் முழுக்க அங்கேயே கிடக்கலாம். இரண்டு பேருக்கும் ஆசை ஒன்றுதான் - ஏர்லைன்ஸ் பைலட். தோளில் பட்டை வைத்த அந்த வெள்ளைச் சட்டை.

3-2-1967
லாசரஸ் சோலோ போய்விட்டான்.

கேப்டன் இறங்கிக் கதவைச் சாத்தி, “போயிட்டு வா” என்றார். அவ்வளவுதான், தனியாகப் போய்விட்டான். நான் புல்தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இறங்க வரும்போது மனசுக்குள் ஒரு ஜெபம். விழ வேண்டாம் ஆண்டவரே, ஒரே ஒரு குதி குதித்தால் போதும். சின்னக் குதி.

குதிக்கவில்லை.

முதல் சோலோ போனவன் எல்லோருக்கும் வாங்கித்தர வேண்டும் என்பது கிளப் வழக்கம். கேன்டீனில் காபி, மசால்வடை. என் தட்டில் இரண்டாவது வடையை அவனே எடுத்து வைத்தான். சாப்பிட்டேன். என்ன செய்வது, வடை நன்றாக இருந்தது.

4-2-1967
ரயிலில் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். தேர்தல் செய்தி ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

8-2-1967
தோசை வார்த்துக்கொண்டே அம்மா கேட்டாள். “லாசரஸ் தனியாவே ஓட்டிட்டானாமே? அவங்கம்மா அருள்மேரி சொல்லி மாளல. நீ எப்படா?”

“நானுந்தான் ஓட்டிட்டேன்.”

வாய் தவறிச் சொன்னேன் என்று இங்கேயாவது பொய் எழுதாமல் இருக்கிறேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவன் பேரைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்து என் தலையில் வைத்தார். தலையெல்லாம் சட்னி.

12-2-1967, ஞாயிறு
செத்தேன்.

ஆராதனையில் அறிவிப்பு நேரம். போதகர் ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கிறார்: “சகோதரர் வில்பிரட் முதன்முறையாகத் தனியே விமானம் ஓட்டக் கிருபை செய்ததற்காக அவருடைய தாயார் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்துகிறார்.” அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. பாடகர் குழுவில் லாசரஸ். அவனும் பார்க்கிறான்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். அருள்மேரி ஆன்ட்டி மகனைப் பிடித்துக்கொண்டார். “ஏண்டா, வில்பிரட்டும் போயிட்டான்னு நீ சொல்லவே இல்லியே?” அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். “ஆமாம்மா, சொல்ல மறந்துட்டேன். நல்லா எறக்கினான்” என்றான்.

ஏன்டா? ஏன்டா காப்பாத்தினே? காட்டிக் கொடுத்திருந்தா உன்னை நிம்மதியா வெறுத்திருப்பேனே. உனக்குப் பறக்கவும் நல்லா வருது, மனசும் நல்லா இருக்கு. எனக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வைக்கக் கூடாதா?

13-2-1967
ரயிலில் அவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் மறுபடியும் பேப்பருக்குள் புகுந்துகொண்டேன்.

9-3-1967
இன்று நிஜமாகவே சோலோ.

கேப்டன் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார். பக்கத்து சீட் காலி. மேலே போனதும் ஓவென்று கத்தினேன். கீழே ஏரிகள், ரயில்பாதை, பம்மல் தோல் பதனிடும் ஷெட்டுகளின் கூரை - எல்லாம் என்னுடையது மாதிரி இருந்தது. இறங்கியது சுமார்தான். ஒரு குதி. ஆனாலும் இறக்கிவிட்டேன்!

சாயங்காலம் வீட்டில் உப்புமா. அம்மா முகத்தைப் பார்க்கிறேன். என்னவென்று சொல்வது? முதல் சோலோ இரண்டாவது தடவை போனேன் என்றா? தின்றுவிட்டு எழுந்தேன்.

எங்கள் சர்ச்சில் இதை வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே மனிதன் லாசரஸ்தான். காலையில் நான் இறங்கியதும் அவனே ஓடிவந்து கட்டிக்கொண்டான். “மச்சான், இப்பதாண்டா எனக்கு நிம்மதி. சர்ச் வாசல்ல பொய் சொன்னது உறுத்திக்கினே இருந்துது.”

போடா. என் சந்தோஷத்திலும் உனக்குப் பங்கு.

21-9-1968
அவனுக்கு ஏர்லைன்ஸில் சேரத் தேவையான கமர்ஷியல் லைசென்ஸ் வந்துவிட்டது. நான் இன்னும் பாதி வழியில்கூட இல்லை.

கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ ஒழுங்காத்தான் பறக்கறே, வில்பிரட். ஆனா லாசரஸுக்கு ஒரு மாசத்துல வர்றது உனக்கு ஆறு மாசம் ஆறது. ஏர்லைன்ஸ்காரன் வயசு பார்ப்பான். உனக்காகக் காத்திண்டிருக்க மாட்டான்.” திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். அவன் பேரில்லாமல் இவருக்கு ஒரு பேச்சு முடியாதா?

பல்லாவரம் வரை நடந்தே வந்தேன். அழுதேன். லாரிப் புழுதி என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

4-5-1969, ஞாயிறு
ஏர்லைன்ஸில் அவனை எடுத்துக்கொண்டார்கள். ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டான். அம்மா அவன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள். எனக்குப் பண்ணியதைவிட நீளமாக.

போகும்போது வாசலில் நின்று சொல்கிறான்: “கவர்மென்ட்ல கன்ட்ரோல் டவருக்கு ஆள் எடுக்கறாங்க மச்சான். மேப்பு, காத்து, மேகக் கணக்கு எல்லாம் என்னைவிட உனக்குத்தான் நல்லா வரும். போட்டுப் பாரேன்.”

தான் தின்று எழுந்த இலையின் மிச்சத்தை எனக்குத் தள்ளுகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு “பார்க்கலாம்” என்றேன்.

6-5-1969
விண்ணப்பம் போட்டுவிட்டேன். அவன் சொன்னதற்காக இல்லை. அவன் சொன்னதால் போடாமல் விட்டால் அதிலும் அவன்தான் ஜெயித்தவனாவான்.

18-8-1971
மீனம்பாக்கம் கன்ட்ரோல் டவரில் எனக்குக் காலை டியூட்டி. பறங்கிமலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. மதுரையிலிருந்து வரும் விமானம் இறங்க அனுமதி கேட்டது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. லாசரஸ்.

அதே நேரம் ரன்வேயில் நம் பழைய கிளப்பின் குட்டி விமானம் எஞ்சின் நின்றுபோய்க் கிடந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி. இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். ரன்வே காலியில்லை, இன்னொரு சுற்று சுற்றி வரவும் என்று லாசரஸிடம் சொன்னேன். என் குரல் அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். “ரோஜர், சார்” என்று ஏற்றுக்கொண்டான்.

சார்.

விதிப்படிதான் செய்தேன். யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தச் சுற்று முழுக்கக் கண்ணாடி ஓரம் நின்று பார்த்தேன். மேகத்துக்குக் கீழே அலுங்காமல் திரும்பி வந்தான். என்ன அழகாகத் திருப்புகிறான், பாவி. வயிறு இன்னும் எரியத்தான் செய்கிறது. அந்தப் பெண்ணின் விமானத்தைத் தள்ளி ஓரம் கட்டும்வரை பொறுத்திருந்து, இறங்கலாம் என்றேன்.

நான் சொன்ன பிறகுதான் இறங்கினான்.