கோணப்பல்லனும் ஒரு தும்மலும்

கல் உடைக்கப் போயிருக்கும் என் மனைவிக்கு, பல் பிடுங்கிக்கொண்டிருக்கும் உன் கணவன் எழுதுவது.

நான் சுகம், மகள் சுகம். குளியலறைக் குழாய் மட்டும் சுகமில்லை, மூன்று நாளாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கூடாரத்தில் நனையாமல் இருக்கிறாயா? முழங்கால் தைலத்தைப் பையின் பக்க அறையில் வைத்திருக்கிறேன். தேடிப் பார்க்காமலே இல்லை என்று சொல்லிவிடாதே.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேற்றே எழுதினேன். மகள் வாங்கிப் படித்துவிட்டு, "குழாயைப் பத்தியே ஒன்றரைப் பக்கமாப்பா? விஷயத்துக்கு வாங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்" என்று கிழித்துப் போட்டுவிட்டாள். பிடிவாதத்தில் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

உன் போன கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். ஆராய்ச்சியாளர் கூட்டத்தில் எழுந்து நின்று, ஆறு வருடமாக நீ சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ளப் போவதாகவும், பிறகு ஆராய்ச்சியையே விட்டுவிடப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதற்குக் காரணமான பல் என் மேசையில் கிடைத்ததால் அந்தப் பல்லுக்குரிய மீனுக்கு என் பெயரையே வைக்கலாம் என்று கேலி வேறு. நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களிடம் உன் ஆராய்ச்சியை விளக்குவது என் பழைய வழக்கம்தானே. பாறையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு களிமண் கோடு, அதற்குக் கீழே பழைய அடுக்கில் நாற்பது வகை மீன்களின் பற்கள், மேலே பிந்தைய அடுக்கில் பதினொரு வகைதான் என்பேன். ருசி பார்த்துச் சாப்பிட்ட வகைகளெல்லாம் அந்தக் கோட்டோடு அழிந்தன, கிடைத்ததைத் தின்றவை பிழைத்தன என்று உன் கொள்கையையும் சொல்வேன். ருசிக்காரர்களில் முதல் ஆள் நீ கோணப்பல்லன் என்று செல்லமாகக் கூப்பிடுகிற அந்த மீன். அதன் பல் ஒன்று கோட்டுக்கு மேலே கிடைத்ததால்தான் உன் கொள்கை ஆட்டம் கண்டது.

செவ்வாய்க்கிழமை அந்த ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் வந்தார், வயது எண்பத்திரண்டு. ஈறு தளர்ந்து கடைவாய்ப் பல் ஆடியது, எடுத்துவிட்டேன். கழுவிப் பார்த்தால் கறையில்லை, தேய்மானமில்லை, நேற்று முளைத்தது போலப் பளபளவென்று இருக்கிறது. "ஒரு நாளும் தொந்தரவு பண்ணினதில்ல டாக்டர்" என்றார். அவரைப் பஞ்சைக் கடிக்கச் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். போன மாதம் நீ உன் துறைத்தலைவரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாயே, அப்போது காயவைத்த இரண்டு தட்டுகளையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். கோட்டுக்குக் கீழே கிடைத்தவை ஒரு தட்டில், மேலே கிடைத்தவை இன்னொன்றில். ஃபேனைப் போடாதே, ஜன்னலைத் திறக்காதே என்றாய். தும்மாதே என்று சொல்லவில்லை.

ஏழு பற்கள் மேசையில் சிதறின. ஒவ்வொன்றும் அரிசி அளவு. உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். திட்டுவாய் என்ற பயம் கொஞ்சம், முப்பது வருடமாகப் பல்லையே பார்க்கிறவனுக்குத் தெரியாத பல்லா என்ற திமிர் அதிகம். கறுத்துப் போன நான்கும் பழசு என்று கீழ்த்தட்டில் போட்டேன். பளபளத்த மூன்றும் புதுசு என்று மேல்தட்டில் போட்டேன். பளபளப்புக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை என்று ரயில் ஓட்டுநர் வந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கே மகளை வைத்துக்கொண்டு எண்ணினோம். கழுவிய நாளில் உன் நோட்டில் எழுதியிருப்பது கீழே அறுபத்து மூன்று, மேலே இருபத்தொன்று. இப்போது கீழே அறுபத்திரண்டுதான் இருக்கிறது. மேலே இருபத்தொன்று, அதோடு கூட்டத்தில் காட்ட நீ எடுத்துப்போன, பளபளவென்றிருந்த கோணப்பல்லன் ஒன்று, ஆக இருபத்திரண்டு. நான்கு தடவை எண்ணினோம். நான்கு தடவையும் அதேதான்.

ஆகவே நீ சொன்னதுதான் சரி. கோணப்பல்லன் கோட்டைத் தாண்டவே இல்லை, நான்தான் தாண்ட வைத்தேன். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் செத்த ஜீவனை ஒரே தும்மலில் பிழைக்க வைத்த டாக்டர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தட்டுகளைப் பூட்டிவிட்டேன், சாவி மகளிடம். என்னிடம் தர மாட்டேன் என்கிறாள்.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உங்கள் முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் வண்டியில் வரும். கூட்டம் இருபதாம் தேதி. நடந்ததை அங்கே அப்படியே சொல், சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். உன் துறைத்தலைவர் சந்தேகப்பட்டால் நானே வந்து எல்லார் முன்னாலும் தும்மிக் காட்டுகிறேன். மீனுக்கு என் பெயர் வேண்டாம். ரயில் ஓட்டுநரிடம் மட்டும் நீயே சொல்லிவிடு, அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

உனக்கு ஒரு தப்பு நேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லக் கிளம்பினாய். நான் உன் ஒருத்தியிடம் சொல்ல ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. என்னால் நீ இந்த வேலையை விட்டால் என்னால் தாங்க முடியாது.

பேசி முடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வா. வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மூன்று வாரமாக என் சமையலையே நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததைத் தின்று பிழைக்கிற இனம்தான் நான், எதையும் தாங்குவேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

மேசைப் பக்கமே போகாமல் உனக்காகக் காத்திருக்கும்,
உன் பல் டாக்டர்