தொட்டிமேல் கிடந்த சட்டை

மகளுக்கு,

போதுமான அளவு பேசாமல் இருந்துவிட்டேன், இனி எழுதுகிறேன். நான் நலம். இரத்த அழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, கண்ணாடியை மாற்றிவிட்டேன், சமையலறைக் குழாயின் ஒழுகலை நானே சரிசெய்தேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏதாவது குறையென்றால் இதற்குள் போன் வந்திருக்கும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிடுகிறாய், அதுவும் நான் என்ன சொன்னேன் என்று தெரியாமலே. காகிதம் சரிப்பா என்று சொல்லாது. வீட்டுச் செய்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. மேல்மாடியில் இருந்த பல் டாக்டர் காலி செய்துவிட்டார், இப்போது ஒரு டியூஷன் வாத்தியார் வந்திருக்கிறார், அவர் கத்துகிற கத்தலில் எனக்கே வாய்ப்பாடு மறுபடி மனப்பாடமாகிவிட்டது. குடிநீர் ஆய்வகத்தில் என் நாற்காலியைத் தட்டிக்கொண்டு போனானே சோப்பு, மேலிடத்துக்குப் போட்ட சோப்பு நுரையிலேயே மிதந்து பெரிய அதிகாரி ஆனவன், அவனுக்குப் போன மாதம் வழியனுப்பு விழா. என்னையும் கூப்பிட்டிருந்தான். போகவில்லை. அவனுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும், ஆனால் உன்னுடையது முதலில்.

நீ அனுப்பிய போட்டோவும் குரல் செய்தியும் வந்தன. "அப்பா, உங்க ரூம் ரெடி. கட்டில், மேஜை, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஜன்னல் எல்லாம் இருக்கு. அந்தப் பழைய தொட்டிய யாருக்காவது குடுத்துட்டு வாங்க, இங்கயே ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், அதே மாதிரி செவப்பு இறால்" என்று சொல்லியிருந்தாய். மாப்பிள்ளை வேறு பின்னாலிருந்து, "மாமா, இங்க தண்ணி சூப்பர், நேரா குழாயிலிருந்தே குடிக்கலாம்" என்று கத்தினார். வேலை பார்த்த காலமெல்லாம் ஓர் ஊரின் குழாய்த் தண்ணீரைச் சோதித்து, எவ்வளவு குளோரின் போட வேண்டும் என்று சொல்லி, குடிக்கத் தகுந்தது என்று கையெழுத்துப் போட்டவனிடம் சொல்கிற சேதி அது. நல்ல பையன்தான். மூளையைப் பத்திரமாக வைத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டியின் அடியில் நீலக் கல் போட்டிருக்கிறாய், அது கல் இல்லை, சாயம். பிளாஸ்டிக் செடி வைத்திருக்கிறாய், இறால் குஞ்சு பிளாஸ்டிக்கில் எதை மேயும்? பாசி வேண்டும், உயிருள்ள பாசி, அதில்தான் குஞ்சு ஒளியும், அதில் ஒட்டியிருப்பதைத்தான் தின்னும். பில்டரின் வாய் திறந்து கிடக்கிறது, பிறக்கிற குஞ்சு அத்தனையையும் அது உறிஞ்சிவிடும், வாயில் ஒரு ஸ்பாஞ்சைக் கட்டு. ஓரத்தில் ஒரு பொம்மைக் கோட்டை. அதற்குள் யார் குடியிருக்கப் போகிறார்கள், நானா? வலது பக்க மூலையில் ஒரு பெண் இறால் நிற்கிறது, அதன் கழுத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறது. உனக்கு அது அழகாகப் பட்டிருக்கும். பழைய ஓடு அந்த இடத்தில் சுற்றிலும் வெடித்துவிட்டது, ஆனால் இறாலால் அதை உரித்து வெளியே வர முடியவில்லை என்று அர்த்தம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது இருக்காது. எடுத்துப் போட்டுவிட்டு அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்திருப்பாய்.

அந்த வார்த்தைக்குத்தான் வருகிறேன். என் தொட்டியை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள், ஆனால் ஒரு நாளும் பார்த்ததில்லை. மீன் வளர்ப்பவன் மீனை வாங்கி வைக்கிறான், இறால் வளர்ப்பவன் ஒரு வம்சத்தை உண்டாக்குகிறான். ஒவ்வொரு ஈற்றிலும் பிறந்த குஞ்சுகளில் நிறம் குறைந்ததைப் பிரித்து அடுத்த தொட்டியில் விட்டு, அடர்ந்ததை மட்டும் நிறுத்தி, வருஷக்கணக்கில் அப்படியே செய்து வந்ததில் கடைசியில் கால் நுனிவரை சிவந்த இறால் வந்தது. கண்ணாடிபோல் தெரிகிற இடம் உடம்பில் எங்கும் இருக்காது. ஆய்வகத்தில் நான் செய்த நல்ல வேலைக்கெல்லாம் சோப்பு பேர் வாங்கிக்கொண்டான், இந்த ஒன்றில்தான் அவன் கை படவில்லை. உன் அம்மாவை ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்று உன்னிடம் தொட்டியை ஒப்படைத்தேன். அதற்கு முந்தின நாள்தான் கொஞ்சம் தண்ணீர் மாற்றியிருந்தேன். தண்ணீர் மாறினால் இறால்கள் கூட்டமாக ஓடு உரிக்கும். அந்த ஓட்டை நம் வீட்டில் நான் சட்டை என்றுதான் சொல்வேன், பாம்புச் சட்டை என்பதுபோல. மீசை, கால், வால் எல்லாம் அச்சாக இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. அதை அவையே தின்றுகொள்ளும், அடுத்த ஓட்டுக்குச் சுண்ணாம்பு அதிலிருந்துதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உனக்குப் போன் செய்தேன். "தொட்டியில சட்டை கிடக்கும், எடுத்துடாத, அப்படியே இருக்கட்டும்" என்றேன். "சரிப்பா, சரிப்பா, எடுக்கல" என்றாய்.

எடுக்கவில்லைதான். மேற்கு ஜன்னல் வெயில் படாமல் இருக்கத் தொட்டிக்கு மேலே என் பழைய கட்டம்போட்ட சட்டையைப் போர்த்தியிருந்தேன் அல்லவா, அதை எடுக்கவில்லை. காலர் கிழிந்த அந்தச் சட்டைக்கு ஒரு மகாராஜா மரியாதை கொடுத்திருக்கிறாய். உள்ளே தரையெல்லாம் இறால் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, உரித்துப் போட்ட ஓட்டையெல்லாம் வலைபோட்டு அள்ளினாய். ஓடு உரித்த உடம்பு மெத்தென்று இருக்கும், பயத்தில் பாசிக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் உன் கண்ணுக்கு உயிரோடு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று முழுவதையும் இறைத்துக் கொட்டி, பாசியைக் குழாயில் பிடித்து அலசி, குழாயிலிருந்தே தொட்டியை நிரப்பினாய். பிறகுதான் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வந்து, துள்ளி, மல்லாந்து, பால் மாதிரி வெளுத்துப் போயின. அந்தத் தண்ணீரின் குளோரினுக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். மனிதன் குடிக்கத் தகுந்தது, அதில் தவறே இல்லை. வருஷக்கணக்கில் என்னைத்தான் சட்டை செய்யவில்லை, ஒரே ஒரு முறை செய்தாய், அதுவும் துணிச் சட்டையை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். முதலில் தெரியாது. உன் அம்மாவைக் கொண்டுபோய் முடித்துவிட்டு வந்த வீட்டில் இறால் காலில் நிறம் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? தொட்டியில் சிவப்பு இறால்கள் இருந்தன, நிறம் கொஞ்சம் கம்மியாகத்தான் தெரிந்தது, சரியான தீனி இல்லை, அதுகளுக்கும் துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு குஞ்சுகள் வளர்ந்தன. ஒன்றுகூடச் சிவப்பில்லை. சேற்றுத் தண்ணீர் நிறம், சில அழுக்குப் பச்சை. சிவப்பையும் நீலத்தையும் மஞ்சளையும் கடைக்காரன் ஒரே தொட்டியில் கொட்டி வைத்தால் அவை ஒன்றோடொன்று கூடிப் பிறப்பது இப்படித்தான் போகும், எந்த நிறமும் இல்லாத பழைய ஆற்று இறாலாக. தாய் சிவப்பாக நின்று ஏமாற்றும், பிள்ளை காட்டிக்கொடுத்துவிடும். நான் அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் சித்தி, உன் அம்மாவின் தையல் மெஷினை எடுத்துப்போக வந்தவள், பக்கத்தில் வந்து நின்றாள். நின்றவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமா, இதுதானே அந்தச் சட்டைக் கதை? அக்கா ஆஸ்பத்திரியில சொல்லிச் சொல்லிச் சிரிச்சா மாமா. தையல் பிரிஞ்சிடப் போவுதும்மான்னு நர்ஸ் வந்து திட்டிட்டுப் போனாங்க." என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. காப்பிகூடக் குடிக்காமல் மெஷினோடு போய்விட்டாள்.

மீன் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "ஆமா சார், உங்க பொண்ணு வந்தாங்க. போன்ல போட்டோவ காட்டி, அதே மாதிரி வேணும், அதே மாதிரி வேணும்னு அழுதுட்டே நின்னாங்க. அந்த மாதிரி எங்கயும் கிடைக்காதும்மா, கிட்டத்தட்ட இருக்கு, எடுத்துக்கோங்கன்னேன்." அழுதாயாம். மீன் கடைக்காரர் முன்னால் அழ முடிந்த உனக்கு என் முன்னால் அழ வரவில்லை. கிட்டத்தட்ட போதும் என்று முடிவு செய்திருக்கிறாய், இந்த ஆளுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்று. நீ அவற்றைக் கொன்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுதி வழக்கமில்லை. பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் நான் மருந்துச் சீட்டோடு கீழே போய்விட்டு மேலே வந்தேன். வராந்தா முனையிலேயே உன் அம்மா சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன், கொஞ்சம் வேகமாகவே நடந்தேன். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய், சித்தி பிளாஸ்கைத் திறந்து மூடினாள், உன் அம்மா தலையணையைச் சரிசெய்தாள். "என்ன விசேஷம்" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க" என்றாள். அடுத்த நாள் காய்ச்சல் ஏறியது, பிறகு அவள் பேசியதெல்லாம் தண்ணீர், போர்வை, விளக்கு. ஆக அவள் என்னிடம் கடைசியாக முழு நினைவோடு சொன்னது ஒண்ணுமில்லைங்க. நீதான் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினாய், அவள்தான் அப்பாவிடம் சொல்லாதே, தாங்க மாட்டார் என்றாளாம், சித்தியைப் பிறகு போனில் பிடித்துக் கேட்டுவிட்டேன். அவளுடைய கடைசிச் சிரிப்பை நீ உண்டாக்கினாய், அதற்கு உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். என்னை வைத்து உண்டாக்கினாய், அதற்கு என்ன சொல்வது? என்னைப்போல் பேசிக் காட்டினாயா? "எடுத்துடாத, அப்படியே இருக்கட்டும்" என்று என் குரலில் சொன்னாயா? சொல்லியிருப்பாய், உனக்கு அது நன்றாக வரும். அந்தக் கதையை அன்று என் எதிரில் சொல்லியிருக்கலாம். நான் சிரித்திருக்க மாட்டேன், கத்தியிருப்பேன், ஒரு வாரம் முகம் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அவள் சிரிப்பதைப் பார்த்திருப்பேன். கதவைத் திறந்து அதை நிறுத்தியவனாக இருந்திருக்க மாட்டேன். செத்த இறாலுக்குப் பதில் ஏதோ ஒன்றை வாங்கி வைத்தாய், இதற்குப் பதில் எந்தக் கடையில் வாங்கி வைப்பாய்?

அதனால் நான் அங்கே வரவில்லை. கட்டிலை மடக்கி வை, ஜன்னலைச் சாத்தி வை, மேஜையை மாப்பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். இங்கே தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சேற்று நிறக் கூட்டம் நன்றாகவே பெருகுகிறது, வம்சம் கெட்டதுகளுக்கு எந்த நோயும் வருவதில்லை. இன்று காலைகூட ஒன்று சினையாக நின்றது, வயிற்றுக்கடியில் முட்டைகளை வைத்துக்கொண்டு கால்களால் விசிறிக்கொண்டே இருந்தது, ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை. கொல்லாமல் விட்டிருக்கிறேன், அதற்காக என்னைப் பாராட்டிவிடாதே. வயது ஆக ஆகக் கோபம் மறந்துபோகிறது, காலையில் எழுந்ததும் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ள ஏதாவது வேண்டும். கட்டம்போட்ட சட்டையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

குறையில்லாமல் இருங்கள். உனக்குப் பிள்ளை பிறந்தால் நன்றாக இருக்கட்டும், உன்னிடம் எதையும் மறைக்காததாக இருக்கட்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் என்னிடம் இல்லை. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும், அதிலும் கொஞ்சம் கொஞ்சமாக. எந்த ஊர்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறான் என்று தெரியாது, அங்கே கையெழுத்துப் போடுகிறவனை எனக்குத் தெரியாது. உள்ளே சட்டை கிடந்தால் எடுக்காதே, எந்தச் சட்டை என்று இந்தத் தடவை உனக்குத் தெரியும்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். குடிக்கத் தகுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ கையெழுத்துப் போட்டவனுக்கு உன் அப்பா என்று எழுத வரவில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் போடப் போகிறேன். இடம் விட்டிருக்கிறேன் பார், கீழே. கடைக்குப் போய் என் போட்டோவைக் காட்டு. அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துக்கொள்.