ரோலர் பக்கத்தில் படித்த இங்கிலீஷ்

குன்னூர்,
ஞாயிறு.

அன்பு மகன் தரணிதரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சளியோடு சுகம். மஸ்கட் வெயிலில் நீ சளி இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் அம்மா என்னிடம் கொடுப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுவதால் எழுதுகிறேன்.

சேதி உன் தங்கை தேவியைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் இப்போது கம்ப்யூட்டரில்தான் இங்கிலீஷ் பாடம், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையில் வருவதை மைக்கில் சொன்னால் சரிக்குப் பச்சை விளக்கு எரியும். முடித்த பிள்ளைகள் ஊட்டியில் மேடை ஏறிப் பேசலாம் என்று ஸ்டெபி டீச்சர் சொல்லியிருந்தார். நம் தேவி பேசினால் அவளுக்கே கேட்காது, கம்ப்யூட்டருக்கு எங்கே கேட்கும், தினமும் மறுபடி சொல் என்றே வந்ததாம். ராத்திரி சாப்பிடாமல் அழுதாள். எட்டாவது வரை படித்தவன் என்ற தைரியத்தில் நானே பொறுப்பெடுத்தேன். ஃபேக்டரியில் தேயிலை உருட்டும் ரோலர் இரைச்சலோடு ஓடும்போது வாசலில் நிறுத்தி, 'மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் எ டீ ஃபேக்டரி' என்று சொல்ல வைத்தேன். அந்தக் கோடியில் ரோலரைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லப்பன், கேட்டது என்று கையைக் காட்டும்வரை விடவில்லை. நமக்குப் பேச்சென்றால் அதுதானே.

திங்களன்று வகுப்பில் அதே குரலில் சொல்லியிருக்கிறாள். பக்கத்துப் பிள்ளைகளின் மைக்கிலெல்லாம் அது புகுந்து, வாயே திறக்காதவர்களுக்கெல்லாம் பச்சை. மேஜையில் தலை வைத்துத் தூங்கிய பாலுவுக்கு முழு மார்க். இவள் மைக்கிலோ சத்தம் தாங்காமல் மறுபடி சொல். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, ஏனுங்கண்ணா, இது கம்ப்யூட்டர் ரூமுங்க, ஃபேக்டரி இல்லீங்க, இனி பாப்பாவுக்கு நீங்க டியூசன் எடுக்காதீங்க என்றார். சரிங்க என்றேன். என்னிடம் டியூசன் கேட்டு வேறு யாரும் வரவும் இல்லை. பிறகு டீச்சர் மைக்கை அவள் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். குரலைக் குறைக்கச் சொல்லவில்லை. பச்சை எரிந்தது. ஊட்டிக்குப் போகிறவர்களில் தேவியும் உண்டு.

அன்றிலிருந்து வீட்டிலும் அதே குரல்தான். நேற்று அம்மா அடுப்படியிலிருந்து, ஏண்டி இப்படிக் கத்தற, மெதுவாப் பேசு என்று அதட்டினாள். சொல்லிவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். தேவியைப் பார்த்து இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. அடுத்த மாதம் கடைசி வியாழக்கிழமை அவள் ஊட்டியில் பேசுகிறாள், முந்தின நாள் மறக்காமல் போன் செய். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
பரமசிவன்