மணி அடித்ததும் ரூபி

பார்க்டேல்
6.2.1994

அன்புள்ள துர்க்கா,

நீ அஜக்ஸுக்கு வீடு மாறிப் போனபிறகு இந்த மாடியில் எனக்குக் கதைக்க ஆளில்லை. அக்கா வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய குழந்தை நித்திரை.

நீ கதை சொல்ல, நான் அதில் ஓர் ஆளாகிப் பகடைக் கட்டை உருட்டும் உன் கடித விளையாட்டின் முதல் கடிதம் கிடைத்தது. 1931, அமெரிக்க நகரம், கறுப்பர்களை ஒதுக்கி வைத்திருக்கும் தெரு. மாலை மணி அடித்தபின் அவர்கள் அந்தத் தெருவைக் கடக்கக்கூடாது. மணிக்குப் பிறகு பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். எங்கள் ஊரடங்கு நாட்கள் ஞாபகம் வந்தது.

என் ஆளின் பெயர் ரூபி, கறுப்புப் பெண். உடுப்புத் தோய்க்கும் கடையில் வேலை. பிள்ளைகளைத் தேடி நிலவறைக்கு இறங்குகிறாள். நீ தந்த கட்டையை உருட்டினேன், இரண்டுதான் விழுந்தது. நீ பார்க்கவில்லை என்பதற்காக ஆறு என்று எழுதமாட்டேன்.

ரூபிக்கு எதில் பயம் என்று கேட்டாய். மணியில். கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். ஊரில் குண்டு போடும் பொம்பர் வரும்போது எங்கள் கோயில் மணி அடிப்பார்கள் என்று உனக்கு மட்டும்தானே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தீ மணி அடித்த அன்று வகுப்பே சிரித்தது. நீ மட்டும் மேசைக்குக் கீழே வந்து என் பக்கத்தில் குந்தினாய். அதற்குப் பிறகு நான் அங்கே போகவேயில்லை.

உன்,
செலீன்


அஜக்ஸ்
19.2.1994

என் செல்லச் செலீன்,

இரண்டு விழுந்ததால் ரூபியின் விளக்கு அணைந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏதோ ஒன்று பிள்ளைகளின் குரலில் பாடுகிறது. என்ன செய்யப்போகிறாய்?

உன் ரூபி அருமையடி! என் வகுப்புப் பிள்ளைகளும் இப்போது இதை விளையாடுகிறார்கள். மார்ச் ஐந்தாம் திகதி என் பிறந்தநாளுக்குக் கட்டாயம் வா. வெட்கப்படாதே. அப்பா ரயிலடிக்கு வருவார்.

முத்தங்களுடன்,
துர்க்கா


பார்க்டேல்
7.3.1994

துர்க்கா,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் அம்மா தந்த கேக்கை அக்கா சாப்பிட்டாள்.

கேக் வெட்டும்போது உன் வகுப்பு மிதுனன் கரண்டியால் கிளாஸில் தட்டினான். உன் புதுச் சிநேகிதி ஜெசிகா "ஐயோ, பொம்பர்!" என்று கத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனாள். "ஆர் அது?" என்று கேட்டேன். "ரூபி. எங்கடை பகிடி ஆள். மணி அடிச்சாச் சரி, ஆள் கீழை!" என்று சிரித்தான் மிதுனன்.

பின்கழுத்தில் இரண்டு கையையும் கோத்து, முழங்கையால் காதைப் பொத்துவது என் பழக்கம். ஜெசிகாவும் அப்படியே பொத்தினாள். அவளுக்கு அதை யார் பழக்கினது? மிதுனனுக்குக் கரண்டியை எடுத்துக் கொடுத்ததும் நீதான். பார்த்தேன்.

செலீன்


அஜக்ஸ்
15.3.1994

செலீன்,

கோபியாதை. ரூபி நீதான் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் நான் தனியத்தான் சாப்பிட்டேன். ரூபியைச் செய்து காட்டிய பிறகுதான் என்னோடு வந்து இருந்தார்கள். வெறும் விளையாட்டுத்தானேயடி. ரூபி இன்னும் கதவடியில் நிற்கிறாள். உருட்டி எழுது.

உன் துர்க்கா


பார்க்டேல்
28.3.1994

துர்க்காவுக்கு,

ரூபி கதவைத் திறக்கிறாள். பாடியது பிள்ளைகள்தான். வேறொன்றும் அங்கே இல்லை. மணி அடிக்கிறது. அவர்கள் மேசைக்குக் கீழே போகிறார்கள். ரூபியும் போய்ப் பக்கத்தில் குந்துகிறாள். மணி நின்றதும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போய்விடுகிறாள். இதற்கு நான் உருட்டவில்லை. நீ தந்த கட்டை இந்த உறைக்குள் இருக்கிறது.

தீ மணி அடித்த அன்று நீ என் பக்கத்தில் வந்து குந்தினது எனக்காக என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

செலீன்