கால் நனைத்தால் பத்துக் கூடை

அய்யனார் துணை

ஊருணிக்கரை,
அருப்புக்கோட்டை வழி,
வைகாசி, 1989

அன்பு மகன் பொன்ராஜுக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மருமகள் மாரீஸ்வரியும் பேத்தி பிரவீணாவும் அந்தப் பம்பாயில் நல்ல தண்ணீர் குடித்து நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் கரை அய்யனாரைக் கும்பிட்டுக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை அய்யா. எப்போதும் உன் அப்பா பக்கம் பக்கமாக எழுதி, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லு என்று என்னிடம் நீட்டுவார். இந்த முறை முழுக்க நான்தான் எழுதுகிறேன், எழுதுவது அவருக்குத் தெரியாது. தந்தி கொடுத்தால் நீ பயந்து வண்டி ஏறும்போது தடுமாறுவாய் என்றுதான் கடிதம். ஆனால் தந்தியைப் படிப்பதுபோல இதைப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. செவலைப் பசு கிடேரி போட்டிருக்கிறது, பால் பரவாயில்லை. மாரீஸ்வரி மோர்மிளகாய் கேட்டிருந்தாள், இந்த வருடம் போடவில்லை என்று சொல், உப்பு போட வேண்டிய வேலை இல்லை, தண்ணீரிலேயே இருக்கிறது, ஆனாலும் போட மனசு இல்லை. பிரவீணாவுக்குச் சூட்டுக்கொப்புளம் வந்ததாக எழுதியிருந்தாய், நுங்குத் தண்ணீர் தடவச் சொல்லுவேன், அங்கே நுங்குக்கு எங்கே போவீர்கள், வேப்பிலை கிடைத்தால் அரைத்துப் போடுங்கள். இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நம் ஊருணி கெட்டுப்போய்விட்டது பொன்ராஜ். கூடவே உன் அப்பாவும் போய்விடுவார் போல இருக்கிறது.

போன வருடம் சித்திரைப் பொங்கலுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நீ எதையும் பார்க்கவில்லை. வழக்கம்போல பூட்டிக் கிடந்த வீடுகள் எல்லாம் திறந்தன. விருதுநகரில் இரும்புக்கடை வைத்திருக்கும் உன் அருஞ்சுனை மாமா குடும்பத்தோடு வந்தார், மதுரைக்காரர்கள் வந்தார்கள், சாத்தூர்க்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் கரை முழுக்கப் பிள்ளைகள் சத்தம். வருடம் பூராவும் எங்கெங்கோ கடை வைத்துப் பிழைத்தாலும் கோடையில் ஊருணிக்கரை வீட்டைத் திறந்து, வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கித் தூர் வாரிவிட்டுப் போவது நம் கட்டுப்பாடு, அதில் யாரும் குறை வைத்ததில்லை. ஊருணி அடியோடு வற்றிக் கிடந்ததால் உன் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. நடுவில் ஆழமாக ஒரு குழி எடுத்தால் கடைசித் தண்ணீர் அதில் தங்கி ஆடி மாதமும் தாங்கும் என்றார். ஆசைப்பட்டது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். மதுரைக்காரர் வெட்டினால் சாத்தூர்க்காரர் அதற்கு மேல் வெட்ட, அருஞ்சுனை மாமா தொந்தியைத் தூக்கிக்கொண்டு நானும் சளைத்தவன் இல்லை என்று இறங்க, போட்டி போட்டு வெட்டினார்கள். கருப்புக் களிமண் முடிந்து வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான் மண் வந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒருத்தரும் நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது குழியில் தண்ணீர் கசிந்தது பார், ஊத்துக் கண்ணு தெறந்துருச்சு என்று உன் அப்பா கத்தினார், நாங்கள் பெண்கள் எல்லாரும் குலவை போட்டோம். என் குலவைதான் பெரிய குலவை.

புது ஊற்றுத் தண்ணீரைச் சாமிக்கு ஊற்றும் முன்னால் நாக்கில் வைக்கக் கூடாது என்பது உனக்கும் தெரியும். அதனால் யாரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. முதல் குடம் அய்யனார் தலையில் ஊற்றினோம், மீதியில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். என்றைக்கும் இல்லாத ருசி. பக்கத்து வீட்டுப் பேச்சி, யாரு பக்குவம்க்கா இது என்று கேட்டு இரண்டாம் தடவை வாங்கித் தின்றாள். வெல்லத்தோடு ஒரு கல் உப்பு சேர்ந்தால் இனிப்பு தூக்கலாக இருக்கும் என்பது அடுப்படியில் நிற்கிற எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? அன்றைக்கு அத்தனை பேருக்கும் மறந்துபோனது. மறுநாளே கோடை மழை கொட்டிக் குழியைத் தண்ணீர் மூடிவிட்டது, எல்லாரும் சந்தோஷமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஐப்பசியில் கரை தட்ட நிறைந்ததை அப்பா உனக்குப் பெருமையாக எழுதினாரே, அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறாயா?

தை மாதம் என் வீட்டில் பருப்பு வேகவில்லை. வாங்கின கடைக்காரனைத் திட்டினேன். பேச்சி வீட்டிலும் வேகவில்லை, அவள் விறகைத் திட்டினாள். பிறகு பால் திரிந்தது, பசுவைச் சந்தேகப்பட்டோம். உலகத்தில் உள்ளதை எல்லாம் சந்தேகப்பட்டோம், ஊருணியைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. பங்குனியில் கரிப்பு நாக்குக்கே தெரிந்தது, தண்ணீரும் மளமளவென்று இறங்கியது. களிமண்ணைக் கிழித்துவிட்டோம், மேலே நின்ற நல்ல தண்ணீர் அந்த ஓட்டையில் இறங்கிப் போகிறது, கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் மேலே ஏறி வருகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்களே, நாங்கள் குரங்குக்குக் குலவையும் போட்டிருக்கிறோம்.

இந்தச் சித்திரைக்கு எல்லாரும் வந்தார்கள். கார் சத்தம் கேட்டதும் உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அருஞ்சுனை மாமா இறங்கினதும் இறங்காததுமாக ஒரு செம்பு தண்ணீர் வாங்கி வாயில் ஊற்றி அப்படியே துப்பினார். எங்க தாத்தன் பூட்டன் குடிச்ச தண்ணிய நாசம் பண்ணிட்டீகளே மச்சான், இனி என்னத்துக்கு நாங்க இங்க வாரது என்று கேட்டார். அவரும்தானே வெட்டினார், என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன். பொங்கல் வைக்கவில்லை. சாமி கும்பிடாமலே ஒவ்வொரு வீடாகப் பூட்டினார்கள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் கிடக்கிறது, கரை இப்போதே வெறிச்சோடிக் கிடக்கிறது. மீதி இருக்கிற நாலைந்து வீட்டுக்காரர்கள் பந்தல்குடியிலிருந்து டிராக்டரில் வருகிற தண்ணீருக்குக் குடத்தோடு வெயிலில் நிற்கிறோம். பேச்சியும் மகள் வீட்டோடு போறேன் என்று பாத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா அந்த டிராக்டர் தண்ணீரைத் தொட மாட்டேன் என்கிறார். ஊரையே இதக் குடிக்க வச்சவன் நான், நான் மட்டும் நல்ல தண்ணி குடிப்பனா என்று அந்தக் கரிப்பையே குடிக்கிறார். கால் இரண்டும் வீங்கிப் போச்சு. அருப்புக்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணியக் குடிச்சா மருந்து கேக்காது பெரியவரே என்று கண்டிப்பாகச் சொன்னார், தலையை ஆட்டிவிட்டு வந்து திரும்பவும் அதையே மோந்து குடிக்கிறார். நான் அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அந்த வீங்கின காலோடு தனி ஆளாகக் குழித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, கண்மாயிலிருந்து மாட்டு வண்டியில் களிமண் ஏற்றிக் கொண்டுவந்து கூடையில் சுமந்துபோய்க் குழி விளிம்பில் நின்று உள்ளே தள்ளிக் கிழித்ததை அடைக்கப் பார்க்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நிற்கிறதை நானே பார்த்தேன், கேட்டால் வெயில் என்கிறார்.

ஆனால் மண்ணைக் கொட்டினால் மட்டும் போதாதே. கண்மாய்க் கரை உடைந்தால் என்ன செய்வோம், களிமண்ணைப் போட்டு நனைத்து, மாட்டையும் ஆட்டையும் விட்டு மிதித்து, மாவாக ஆன பிறகுதான் தண்ணீர் நிற்கும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊருணிக்குள் அதை எப்படிச் செய்வது? வறண்டு கிடக்கும்போது தூர் வார இறங்குவதோடு சரி, தண்ணீர் ஊறுகிற இடத்தில் கால் படக் கூடாது, பட்டால் பத்துக் கூடை மண் சுமக்க வேண்டும், மாடு ஆடு கிட்டே வரக் கூடாது, மோக்கிற குடம் தவிர வேறு எதுவும் படக் கூடாது என்பதுதானே தலைமுறை தலைமுறையாக நாம் காத்த கட்டுப்பாடு. மிதிக்கலாம் என்று உன் அப்பா வாய் திறந்ததும் மீதி இருக்கிற வீட்டுக்காரர்களும் கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டார்கள். கெடுத்தது போதாதுன்னு தீட்டும் பண்ணணுமா என்று பேச்சி என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். நம் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிற சோலையிடம் ஆட்டை விடக் கேட்டோம். அவன் நல்ல மனுஷன், தட்டவில்லை, ஆனால் ஒன்று சொன்னான். நீங்க கால் வைக்காத எடத்துல நான் ஆட்ட எறக்குனா பழி எந்தலையில விழும் ஆத்தா, கரைக்காரவுக வீட்டுக்கு ஒருத்தரு மொதல்ல எறங்கி மிதிங்க, பெறகு எங்கிட ஆடு அத்தனையும் விடுறேன் என்றான். வைகாசி முடிந்தால் அவன் கிடையைக் கிளப்பிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விடுவான். ஆனிக் காற்று அடித்தால் கொட்டின மண் காய்ந்து வெடித்துப் போகும். அதன்மேல் மழை பெய்தால் இன்னொரு வருடம் உப்புதான், இன்னொரு வருடத்துக்கு இந்தக் கரையில் ஆள் இருக்க மாட்டார்கள், உன் அப்பாவும் இருக்க மாட்டார். இதை நான் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை பொன்ராஜ், என் கண்ணுக்குத் தெரிகிறதை எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் அவர் வண்டியோடு கண்மாய்க்குப் போயிருந்தபோது நான் குழிக்குள் இறங்கிவிட்டேன். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து படியோடு நின்று மோந்தவள், எத்தனை பிள்ளைகளைக் கரையில் நின்று விரட்டியிருக்கிறேன். அய்யனாரே, வேறு வழி இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் பேசாமல் இரு என்று சொல்லிவிட்டுத்தான் முதல் காலை வைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணை நனைத்து நனைத்து மிதித்தேன். அப்பா வந்து பார்த்தார். பார்த்ததும், ஏய் யாரது, கால் நனைச்சவுக பத்துக் கூட மண்ணு என்று பழக்க தோஷத்தில் கத்திவிட்டார். கத்தின வாய் மூடவில்லை, கரையில் குத்த வைத்து உட்கார்ந்து அழுதார். உன் அப்பா சத்தம் போட்டு அழுது நான் கேட்டதே இல்லை அய்யா. பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வீங்கின காலோடு இறங்கி என் பக்கத்தில் நின்று மிதித்தார். பேச்சி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இறங்கவில்லை, ஆனால் பாத்திரம் கட்டுவதை நிறுத்திவிட்டாள். நாள் பூராவும் மிதித்து நாங்கள் பதப்படுத்தினது ஒரு வண்டி மண் தேறாது. இரண்டு கிழங்கள் மிதித்து ஊருணி அடைபடுமா?

அதனால்தான் எழுதுகிறேன். எனக்குச் சேலை வேண்டாம், எதுவும் அனுப்ப வேண்டாம், கடிதத்துக்குப் பதில் கடிதமும் வேண்டாம். இதைப் படித்த கையோடு லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டு வா. மாரீஸ்வரியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, பிள்ளைக்குக் காய்ச்சின தண்ணீர் பாட்டிலில் எடுத்துக்கொள். நேராக ஊருக்கு வராதே, விருதுநகரில் இறங்கி அருஞ்சுனை மாமா கடைக்குப் போ. நான் கூப்பிட்டால் வர மாட்டார், அப்பா கூப்பிட மாட்டார். நீ போனால் உன் முகத்துக்கு அவர் இல்லை என்று சொல்ல மாட்டார், சின்னதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவர். கோபத்தை எல்லாம் குழிக்குள் இறங்கி மிதித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல், சிரித்துவிடுவார். அவர் வண்டி ஏறினால் மதுரைக்காரர் வருவார், மதுரைக்காரர் வந்தால் சாத்தூர்க்காரர் நிற்க மாட்டார். வெட்டினது ஊர் கூடித்தான், அடைப்பதும் ஊர் கூடித்தான் முடியும்.

சின்ன வயதில் பந்து எடுக்க ஊருணிக்குள் கால் வைத்துவிட்டாய் என்று பத்துக் கூடை மண் உன் தலையில் ஏற்றினார் உன் அப்பா. கழுத்து வலியோடு படுத்துக்கொண்டு, இந்த ஊருணிப் பக்கமே இனிமேல் வர மாட்டேன் என்று என்னிடம் சொன்னாய். அந்தக் காலைத்தான் இன்றைக்குக் கேட்கிறேன். உன் கால், மாரீஸ்வரி கால், பிரவீணாவின் பிஞ்சுக் கால், எது கிடைத்தாலும் அது எனக்கு வேண்டும்.

மூன்று பேரும் நூறு வயது நல்ல தண்ணீர் குடித்து வாழ வேண்டும், அதில் ஒரு வாயாவது நம் ஊருணித் தண்ணீராக இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. வரும்போது செருப்பைக் கரைக்கு வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வா, அந்தக் கட்டுப்பாடு இன்னும் போகவில்லை. நான் இறங்கினதற்கான பத்துக் கூடை மண் இன்னும் பாக்கி இருக்கிறது, என்னால் தூக்க முடியவில்லை, அதையும் நீதான் சுமக்க வேண்டும்.

வழி பார்த்துக் கரையில் நிற்கும்
உன் அம்மா
பிச்சையம்மாள்