சிவப்பு மையில் அடித்த ‘என்’

கோத்தா திங்கி
19 ஜனவரி 2025

அன்பு மகள் ஷாமளாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மழைக்கு முட்டி மட்டும் முனகுகிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. டப்ளின் குளிரில் நெஞ்சுச் சளி பிடிக்காமல் நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். கைப்பேசி இருக்க எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். நீ கேட்ட பொருள்களைப் பார்சலில் அனுப்புகிறேன், அதோடு ஒரு விளக்கம் போக வேண்டியிருக்கிறது, தொலைபேசியில் என்றால் நான் பாதியில் மழை, மீன் என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், உனக்குத் தெரியாததா.

முதலில் வீட்டு விஷயம். இந்த வருஷம் பிறந்ததிலிருந்து ஜொகூரில் வெள்ளி, சனி லீவு போய் மறுபடி சனி, ஞாயிறு லீவு ஆகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் உன் அண்ணன் செல்வா லீவில் இருக்கும் நாளில் அண்ணி மலர் வேலைக்குப் போவதும், அவள் லீவில் அவன் பாலத்து ஜாமில் நிற்பதுமாக இருந்தது இப்போது ஒழுங்குக்கு வந்திருக்கிறது. பொங்கல் முடிந்து இன்று ஞாயிற்றுக்கிழமை என்று உலு திராமிலிருந்து இரண்டு பேரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மலர் வைத்த பாயசத்தில் சர்க்கரை போடவில்லை, என் நன்மைக்காம், நானும் நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஆறு இன்னும் கரைக்குள்தான் ஓடுகிறது, பெரிய வெள்ளத்துக்குப் பிறகு முக்கியமான எதையும் நான் கீழே வைப்பதில்லை என்பதால் கவலைப்படாதே. அப்படி அலமாரி மேலே ஏற்றி வைத்த பிஸ்கட் டின்னைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு நீ போன் பண்ணியபோது, நீ வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்தில், நம் பக்கத்தில் ஆண்களோடு வாழ்ந்த ஆண்கள், பெண்களோடு வாழ்ந்த பெண்கள் இவர்களைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, பட்டணத்து ஆட்கள் இருக்கிறார்கள், எஸ்டேட்டும் செம்பனை எண்ணெய் மில்லும் இருக்கிற ஊர்களில் அப்படி யாருமே இல்லாததுபோல் கிடக்கிறது என்று வருத்தப்பட்டாய், ஏதாவது கிடைத்தால் அனுப்பச் சொன்னாய். நான் ம்ம் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன். உண்மையில் அப்போதே எனக்கு பண்டார் தெங்காராவில் இருக்கிற மனோகரன் நினைவு வந்துவிட்டது. உனக்கும் தெரியும், நீ காலேஜ் போகும் காலத்தில் ஒரு மழைநாள் தன் குடையை உன்னிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி பஸ் ஏறினாரே அவர்தான். மில்லில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். அதே மில்லில் லாரி நிறுக்கிற இடத்தில் இருந்த அர்ச்சுனனும் அவரும் ஒரே வீட்டில் முப்பத்தொரு வருஷம் வாழ்ந்தார்கள். அர்ச்சுனன் 2009இல் போய்விட்டார். அடுத்த வருஷத்திலிருந்து திதிக்கு முன்னால் மனோகரன் பஸ் ஏறி என் பேப்பர் கடைக்கு வந்து, பத்திரிகையில் நினைவஞ்சலி போட எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். கடையை மூடும்வரை மொத்தம் பதினான்கு தடவை.

இனிமேல் எழுதுவதை உனக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் ஒவ்வொரு தடவையும் ‘என் அர்ச்சுனன்’ என்றுதான் தொடங்குவார். கீழே ‘வீட்டில் தனியாக, மனோகரன்’ என்று முடிப்பார். நான் சிவப்புப் பேனாவால் ‘என்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘அமரர்’ என்று எழுதுவேன். கீழே ‘உற்றார், உறவினர், நண்பர்கள்’ என்று போட்டு அவர் பெயரைக் கடைசியில் செருகுவேன். அஞ்சலிக்கு அவர் கொடுத்த படத்தில் அர்ச்சுனன் தோளில் ஒரு கை இருந்தது, அதை வெட்டிவிட்டுப் போடச் சொன்னதும் நான்தான். பத்திரிகைக்காரர்கள் யாரும் கேட்கவில்லை, அர்ச்சுனன் வீட்டார் யாரும் வந்து சண்டை போடவில்லை, நானாகச் செய்தேன். ஊர் வாயில் விழாமல் அவரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நினைப்பு. உன் அம்மா ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, அவருக்கு எழுதத் தெரியாமலா அப்படி எழுதினாரு என்று கேட்டாள். உனக்கு இது புரியாது என்று அவள் வாயை அடைத்தேன். புரியாதது யாருக்கு என்று இப்போது தெரிகிறது. மனோகரன் ஒருநாளும் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதில்லை, ஆனால் அடுத்த வருஷமும் ‘என்’ என்றே எழுதிக்கொண்டு வருவார், நானும் அடிப்பேன். அந்தப் பதினான்கு தாள்களும்தான் டின்னில் இருந்தன.

அவரைக் கேட்காமல் அனுப்புவது நியாயமில்லை என்று போன வாரம் செல்வாவைக் காரோட்டச் சொல்லி பண்டார் தெங்காராவுக்குப் போனேன். உங்களுடையதைக் காப்பகத்தில் கொடுக்கலாமா என்று ஆரம்பித்தேன். மனுஷன் முகம் செத்துவிட்டது. அலமாக், என்னைய காப்பகத்துல தள்ளப் பாக்குறீங்களா, நான் இன்னும் சொந்தமா சோறு ஆக்கித்தான் லா சாப்புடுறேன் என்று எழுந்தே விட்டார். வயதானவர்களைக் கொண்டுபோய் விடுகிற காப்பகம் என்று நினைத்திருக்கிறார், பாவம். செல்வா சிரிப்பை அடக்க வாசல் பக்கம் போய்விட்டான். உங்கள் இடத்துக்கு யார் அப்படிப் பெயர் வைத்தது, எழுபத்தெட்டு வயதுக்காரரிடம் சொல்லக்கூடிய பெயரா அது. ஆளை இல்லை, காகிதத்தைத்தான் பத்திரமாக வைக்கிறார்கள் என்று விளக்கி, தாள்களை அவர் மடியில் வைத்து, நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் சொன்னார், அச்சுல வராதுன்னு ரெண்டாவது வருஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க, ஆனா அடிக்கிறதுக்காவது நீங்க அதைப் படிச்சுத்தானே ஆகணும், வருஷத்துக்கு ஒருத்தராவது படிக்கட்டும்னுதான் எழுதுனேன் என்றார். ஷாமளா, எனக்கு அழுகை வந்துவிட்டது, செல்வா எதிரிலேயே அழுதேன்.

வேண்டுமானால் என் சிவப்புக் கோடு இல்லாமல் அவரையே புதிதாக எழுதித் தரச் சொல்லலாம் என்று எனக்கு ஒரு யோசனை, என் மானமும் தப்பும் பார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்க அடிச்சதும் இருக்கட்டும், நான் எழுதுனதும் இருக்கட்டும், ரெண்டும் நடந்ததுதானே என்றார். அதனால் அப்படியே அனுப்புகிறேன், ஒவ்வொரு தாளோடும் அந்தந்த வருஷம் அச்சில் வந்த துண்டைச் சேர்த்து வைத்திருக்கிறேன், பிரித்துவிடாதே. வெட்டாத முழுப் படத்தையும் கொடுத்தார், இரண்டு பேரும் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நிற்கிறார்கள், கை யாருடையது என்று அதில் தெரியும். அவருக்கு ஒரே நிபந்தனை. அவருடைய தம்பி பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், நம் நாட்டுச் சட்டமும் உனக்குத் தெரியும், அவர் உயிரோடு இருக்கும்வரை பெயரும் படமும் வெளியே தெரியக்கூடாது. போன பிறகு முழுப் பெயரோடு காட்டலாம், அப்போதும் நண்பர் என்று போடக்கூடாதாம். நீ அனுப்பிய ஒப்புதல் பாரத்தில் இதை எழுதி அவர் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். இதில் நீ கொஞ்சம்கூட அலட்சியமாக இருக்காதே அம்மா, அவர் நம்பிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்குப் போன வருஷம் நான் போட்ட நினைவஞ்சலியை எடுத்துப் பார்த்தேன். மகன் செல்வா, மருமகள் மலர், மகள் ஷாமளா, முற்றுப்புள்ளி. நீ உன் கல்யாணப் பதிவுக்கு அழைத்தபோது முட்டி வலி என்று சொல்லி வராமல் இருந்தவன் நான், யாராவது கேட்டால் கூட்டாளிப் பெண் ஒருத்தியோடு தங்கியிருக்கிறாள் என்றே சொல்லி வந்தவனும் நான். அந்த முற்றுப்புள்ளியைப் பார்த்துவிட்டு நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் மனோகரன் மாதிரிதான் இருந்திருக்கிறாய். மார்ச்சில் அம்மாவுக்கு நான்காம் ஆண்டு வருகிறது, இந்த வருஷத்துக்கு எழுதிவிட்டேன். ‘மருமக்கள்’ என்று போட்டால் ஆணா பெண்ணா யாருக்கும் தெரியாது, அது என் பழைய வித்தை, கை தானாக அங்கேதான் போனது. அடித்துவிட்டு ‘மருமகள்கள்’ என்று எழுதியிருக்கிறேன். செல்வா ஊர் பேசுமே அப்பா என்றான், பிறகு அவனே, பேசட்டும், அம்மா இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாங்க என்றான்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ரசத்தில் மிளகைக் கூட்டு. உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம், உன் அம்மாவுடையதும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மறக்காமல் ஒன்று செய், என் மருமகளின் பெயரை எழுத்தில் பார்த்தால் எனக்கு சியோபான் என்று வருகிறது, நீ வாயால் சொன்னால் ஷிவோன் என்று கேட்கிறது. தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று அவளையே கேட்டு, பிப்ரவரி கடைசிக்குள் உன் கையால் எழுதி அனுப்பு. நீ எழுதியபடியே போடுகிறேன், ஒரு எழுத்தையும் திருத்த மாட்டேன்.

உன் அப்பா
சதாசிவம்