ஐஞ்சாம் சில்லுக்குச் சங்கிலி வேணாமாம்

லிந்துலை, மேல் டிவிசன், ஆறாம் லயம். கடல் பொங்கி இருவது வருஷம் முடிஞ்சு, உங்கம்மா போய் ஒம்பது மாசம் ஆன பங்குனி.

அன்பு மகன் பிரதாப்புக்கு அப்பா செல்லசாமி சொல்லி எழுத வைக்கிறது. நாங்க எல்லாரும் சுகம்னுதான் கடிதம் ஆரம்பிக்கணும், நாங்கன்னு சொல்ல இந்த வீட்டுல இப்ப ஆள் இல்ல, நான் ஒருத்தன்தான், சுகமா இருக்கேன், முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே சொல்லிருது. நீயும் மருமகள் சுலக்ஷனாவும் பேரன் மதுரனும் சின்னவளும் அந்தக் குளிர்ல சுகமா இருக்கணும்னு மாரியம்மா கிட்ட கேட்டுக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, கொழுந்துக்குப் போறவங்க கைக்குழந்தைகள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுல வேலை பாக்குற பிள்ளை ஒண்ணு லீவு நாள்ல வந்து உக்காந்து எழுதுது, சொல்றத மாத்தாம எழுதணும்னு சத்தியம் வாங்கியிருக்கேன். இங்க இப்ப காலையில பேரு கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுன்னு ஒண்ணு இல்ல, தேயிலை மலையப் பிரிச்சு ஆளுக்கொரு துண்டா குடுத்துட்டாங்க, நம்ம துண்டைப் பக்கத்து வீட்டு ஜீவராணி பாத்துக்கிறா. நாய சிறுத்தை தூக்கிருச்சு. நீ அனுப்பின சுவெட்டர் கையி நீளம், மடிச்சுப் போட்டுக்கிறேன்.

போன வாரம் போன்ல உன் புது பிக்கப்பைக் காட்டின. அது இழுக்கப் போற வீட்டையும் காட்டின, கட்டிலு அடுப்பு கக்கூஸு எல்லாம் உள்ளுக்கே இருக்கு, நம்ம காம்பராவ விடப் பெருசு. அதை இழுக்க பிக்கப்புத் தொட்டிக்குள்ள ஒரு இரும்புத் தட்டு பூட்டணும், அதுக்கு ஐஞ்சாம் சில்லுன்னு பேருன்னு சொன்ன. உருள்ற சக்கரமே இல்லாததுக்கு ஏன்டா சில்லுன்னு பேருன்னு கேட்டேன், நீ சிரிச்ச. பழசுல வாங்கினேன், நானே பூட்டினேன், கைப்பிடி தானா தொறக்காம குத்தி வைக்கிற முள்ளு தொலைஞ்சிருச்சு, கம்பி சுத்தியிருக்கேன்னு அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்ன. சங்கிலி எங்க போடுவன்னு கேட்டேன். ஐஞ்சாம் சில்லுக்குச் சங்கிலி வேணாம்பா, பாரம் வண்டி முதுகுலேயே உக்காந்துரும், கழண்டுக்காதுன்னு சொன்ன. பொறகு, பன்னெண்டு மணி நேர ஓட்டம், புள்ளைங்க பின்னால வீட்டுலேயே படுத்துக்கிட்டு வருவாங்கன்னு சொன்ன. அதுக்கு மேல என்னால உன் மொகத்தப் பாக்க முடியல, போனைக் கவுத்து வச்சிட்டேன். லைன் போயிருச்சுன்னு நெனச்சிருப்ப.

மறுநாள் பஸ் ஏறி தலவாக்கலைக்குப் போய் கராச்சு ராசிக் முதலாளி கிட்ட நீ அனுப்பின படத்தைக் காட்டினேன். கண்டெய்னர் இழுக்கிற லொறிக்கெல்லாம் வேலை செஞ்ச மனுஷன். பாத்துட்டு, பெரியவரே இதைப் பூட்டினது யாருன்னு கேட்டாரு. என் மகன்தான்னேன். மகனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க மேல ஏதும் கோவமான்னு கேட்டாரு. நாலு போல்ட்டும் வெறும் தொட்டித் தகரத்துல நிக்குதாம், ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வச்சு, கீழ சேஸியோட சேத்து இறுக்கணுமாம், இல்லாட்டி தகரத்தோட பேத்துக்கிட்டுப் போகுமாம். உன் தொட்டி கட்டை, அந்த மாதிரி தொட்டிக்கு முன்னயும் பின்னயும் நகர்ற தட்டு இருக்காம், அதைத்தான் வாங்கியிருக்கணும், இது நகராத தட்டு, நீ இறுக்கி வளைச்சா வீட்டு மூலை வந்து உன் பிடரிக் கண்ணாடியில குத்தும். தட்டோட நடு பின் அக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னால நிக்கணும். அந்த வீட்டை சாமான் சட்டியோட நிறுத்துப் பாரு, அந்தக் கனத்துக்கு மேல தாங்குற தட்டா இல்லன்னா தூக்கிப் போடு. ஒவ்வொரு தரமும் மாட்டினதும் டோர்ச் அடிச்சுக் குனிஞ்சு, தட்டோட தாடை வீட்டு ஆணியச் சுத்தி மூடியிருக்கான்னு உன் கண்ணால பாரு, சுலக்ஷனாவ பாக்கச் சொல்லாத. கைப்பிடிக்குக் கம்பி இல்ல, முள்ளு போடு. வீட்டைத் தாங்கி நிக்கிற இரும்புக் காலை முழுசா மடக்க முந்தி, வீட்டுக்கு மட்டும் பிரேக் பிடிச்சுக்கிட்டு வண்டிய மெல்ல முன்னால இழுத்துப் பாரு. கழண்டா தானா பிரேக் பிடிக்கிற கேபிள் ஒண்ணு இருக்குமாம், அதைத் தட்டுல மாட்டாத, தட்டே போனா அதுவும் போயிரும், வண்டியில மாட்டு. எல்லாம் சொல்லிட்டு, சங்கிலி வேணாம்னு உங்க மகன் சொன்னது சரியாத்தான் இருக்கும்னாரு. நீ சொன்னது சரி. ஆனா அதை நீ சொல்லக் கூடாது.

மறந்த மாதிரி பேசின, அதனால சொல்றேன். கடல் பொங்கி அந்தப் பக்கம் சனம் செத்துச்சே, லயத்துக்கு லயம் அரிசி சேத்து லொறியில அனுப்பினோமே, அதுக்கு அடுத்த பங்குனித் திருவிழா. நம்ம கோயிலுக்கு ஏது தேரு, கொழுந்து ஏத்துற ட்ராக்டர் பெட்டியத்தான் கழுவிச் சோடிச்சு மாரியம்மாவ ஏத்துவோம். உனக்கு இருவத்தொண்ணு, வாலிபர் சங்கத் தலைவர், சோடனை உன் பொறுப்பு. டிரைவர் இராமையா காலையிலேயே பெட்டிய மாட்டி, ஆணி போட்டு, சங்கிலியும் போட்டுட்டு, குளிச்சிட்டு வாறேன்னு போனான். பூசாரி அழகுமுத்து வந்து பாத்துட்டு, இந்தச் சங்கிலியிலதானேடா முந்தாநாள் செத்த மாட்ட இழுத்தீங்க, இது தொங்குற வண்டியில அம்மா ஏற மாட்டான்னு நின்னாரு. நீ கழட்டின. அந்த இடம் மொட்டையா தெரியுதுன்னு செவ்வந்தி மாலைய ரெண்டு சுத்து சுத்தின. ஒரு முனை உன் கையில, மறு முனை என் கையில. விபூதி பூசிட்டு வந்த இராமையா திரும்பிப் பாத்தான், மாலை தெரிஞ்சுச்சு, உள்ளுக்குச் சங்கிலி இருக்குன்னு ஏறி உக்காந்தான். ஆணி குதிக்கிறது புதுசில்ல, கொழுந்தோட வர்றப்ப ரெண்டு தரம் குதிச்சிருக்கு, ரெண்டு தரமும் சங்கிலிதான் பிடிச்சுச்சு. அன்னைக்கு மதகு தாண்டி ஏத்தத்துல குதிச்சுச்சு, மாலை பிடிக்கல. பெட்டி பின்னாலேயே ஓடித் தேயிலைக்குள்ள கவுந்துச்சு. பெட்டியில அம்மாவோட நாலு பேரு, பூசாரி, தப்படிச்ச தர்ஷன், இராமையா பொண்டாட்டி லெட்சுமி, அவ மடியில ஆறு வயசுப் பொண்ணு. லெட்சுமியும் தர்ஷனும் அங்கேயே முடிஞ்சாங்க, பூசாரிக்கு இடுப்பு ஒடிஞ்சுச்சு, புள்ளைக்குக் காலு.

விசாரணையில இராமையா, என் கையால போட்டேன் சாமின்னு துரை கிட்ட கத்தினான். போட்டா எங்கடான்னு துரை கேட்டாரு. பூசாரி ஆஸ்பத்திரியில வாய் தொறக்கல, மூணாம் வருஷம் சாகுற வரைக்கும் தொறக்கல. என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. சங்கிலிய நான் பாக்கலைங்க சாமின்னு சொன்னேன். நீ எனக்குப் பின்னால நின்னு உன் செருப்பைப் பாத்துக்கிட்டு இருந்த. அந்நேரம் சங்கிலி உங்கம்மாவோட பழைய சேலைக்குள்ள, நம்ம கட்டிலுக்கடியில. எழுதுற கை நின்னுருச்சு. எழுதும்மான்னேன், எழுதுது.

இராமையாவுக்கு வேலை போச்சு. சங்கிலி வழியில கழண்டு விழுந்திருக்கும், கண்டெடுத்து துரை கிட்டக் காட்டலாம்னு தினம் மதகுக்குக் கீழ தேயிலைக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு தேடுவான். கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க, என்னண்ணே தங்கச் சங்கிலியா தொலைச்சீங்கன்னு கேட்டுச் சிரிப்பாங்க. ஒரு நாளு நானும் அவன் கூடக் குனிஞ்சு தேடினேன். அரை நாள் தேடினேன்டா, வீட்டுல இருக்கிறத. அண்ணே நீங்க ஒருத்தராவது நம்புறீங்களேன்னு என் கையப் பிடிச்சு அழுதான். நீ வெளிநாடு போறப்ப பஸ் வரைக்கும் உன் பெட்டிய சொமந்தது அவன், ஞாபகம் இருக்கா, போய் நல்லா இருங்க தம்பின்னு சொன்னான், நீ சரிண்ணேன்னு சொன்ன. ரெண்டாம் வருஷம் ஆடி மழையில தண்ணி ஓடுற கானுக்குள்ள செத்துக் கெடந்தான், கையெல்லாம் அட்டை ஏறியிருந்துச்சு, பிடிச்ச பிடியில ஒரு முழம் துருப்பிடிச்ச முள்ளுக்கம்பி. அதையும் சங்கிலின்னு நெனச்சு எடுத்தானோ என்னமோ. தூக்கினதுல நானும் ஒருத்தன்.

உங்கம்மா சாகக் கெடந்தப்ப உன் பேரைச் சொல்லுவான்னு காதக் கிட்ட வச்சேன். கட்டிலுக்கடியில இருக்கிறத எடுத்துருங்கன்னுதான் சொன்னா. நீ செத்த வீட்டைப் போன்ல பாத்து அழுத, ஜீவராணி கூட பாவம் அண்ணன்னு சொன்னா. இவ்வளவு நாளும் சொல்லாம இருந்தவன் நான், உன்ன ஏச எனக்கு வாயில்ல. ஆனா மடியில புள்ளைய வச்சு நம்பி ஏறினவள ஒரு தரம் நாம கொன்னாச்சு. இப்ப உன் புள்ளைங்கள ஏத்துறேங்கிற, முள்ளுக்குப் பதிலா கம்பி, அன்னைக்குச் சங்கிலிக்குப் பதிலா மாலை. வீட்டை இழு, எங்க வேணும்னாலும் இழு. ஓடுற வீட்டுக்குள்ள அதுங்கள ஏத்தினன்னு கேள்விப்பட்டா என் கொள்ளிக்கு நீ வர வேணாம், ஜீவராணி வைப்பா.

இதையெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாம். போன்ல சொன்னா உனக்கு மட்டும்தான் கேக்கும். சங்கிலிய இன்னைக்குக் காலையில சேர வேண்டிய கையில குடுத்துட்டேன், நீ ஊருக்கு வந்தா என் வீட்டுல தேடாத. பெட்டியில இருந்த நாலு பேருல மூணு பேரு மண்ணுக்குள்ள. ஒரு உசிருதான் மிச்சம், ஒரு காலைச் சாய்ச்சு நடந்துக்கிட்டு இந்த டிவிசன்லதான் இருக்கு, உன் காசுல ஒரு சதமும் அதுக்குத் தேவையில்ல, நீ வந்து அது மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா போதும், சொல்ல உனக்குத் தெரியும்.

மருமகளுக்கும் புள்ளைங்களுக்கும் நீண்ட ஆயுச மாரியம்மா குடுக்கட்டும். உனக்கும் குடுக்கட்டும், இதோட வாழ்றதுக்கு. சுவெட்டர் இனி அனுப்பாத. முள்ளு மறக்காத, டோர்ச் அடிச்சுக் குனிஞ்சு பாரு.

இப்படிக்கு உன் அப்பா,
செல்லசாமி, இடது பெருவிரல் ரேகை.

சொன்னத சொன்னபடி எழுதினது,
டிரைவர் இராமையா மகள் பூரணி.